இரண்டாவது துள்ளலுக்கு முன்

புக்கிட் கோம்பாக் அரங்கில் செவ்வாய் மாலை ஐந்தரை.
ஓடுதளத்துச் சூடு இன்னும் இறங்கவில்லை.
நடுப்புல்லில் மஞ்சள் பட்டை ஏணியை விரித்திருக்கிறார்கள்,
எந்த மாடிக்கும் போகாத ஏணி.
உள்ளே, உள்ளே, வெளியே, வெளியே.
ஜுன் காய் நாலாவது கட்டத்தில் வழக்கம்போல் இடறுகிறான்.

எனக்கு ஆறு வாரம் ஓட்டம் கிடையாது.
முன்கால் எலும்பில் மயிரிழை விரிசல்.
சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று
ஒரு டென்னிஸ் பந்தைக் கையில் கொடுத்தார்கள்.

வேலை சின்னதுதான்.
தோள் உயரத்தில் பந்தை நீட்டிப் பிடிக்கணும்,
விடணும்.
ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவர்
அது இரண்டாம் முறை துள்ளுமுன்
பாய்ந்து பிடிக்கணும்.

எல்லோரும் தவறவிடுகிறார்கள்.
ஷஃபிகா விடுவதில்லை.
கூம்பைப் பின்னால் நகர்த்தினோம்:
ஐந்தரை. ஆறு.
அப்போதும் அவள் விரல்களுக்குள் பந்து,
மூச்சு வாங்கும் சிரிப்பு.

தொடரோட்டத்தில் முதல் ஆள், வளைவு,
போன மாதம் வரை அது என் இடம்.
இப்போது அவளுடையது.

கைப்பேசியில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன்.
விரல்கள் திறக்கவில்லை இன்னும்.
அதற்குள் அவள் குதிகால் எழும்பிவிட்டது.
மறுபடி ஓட்டினேன்.
என் முகத்தைப் பெரிதாக்கினேன்.

பந்து விழுமுன்
என் இமை விழுகிறது.

அவள் பந்தைப் பார்க்கவே இல்லை.
என்னைத்தான் பார்க்கிறாள்,
தெரிந்தோ தெரியாமலோ.

துப்பாக்கிக்கு இமை கிடையாது.
போட்டி நாளன்று அவள் எதைப் பார்ப்பாள்?

இரண்டு செவ்வாய் நான் வாய் திறக்கவில்லை.
அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.
பந்தை விட்டேன், இமைத்தேன்,
அவள் பிடித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள்,
நானும்.

மூன்றாவது செவ்வாய் மின்னல் எச்சரிக்கை.
சைரன் ஊளையிட்டதும் கூம்புகளை அப்படியே போட்டுவிட்டுக்
கூரைக்கு அடியில் ஒதுங்கினோம்.
மழை தடங்களின் வெள்ளைக் கோடுகளை அழிக்கப் பார்த்தது.
ஷஃபிகா ஈரப் பையிலிருந்து மைலோ பொட்டலத்தை எடுத்து
உறிஞ்சுகுழலைக் குத்தி,
முதலில் என்னிடம் நீட்டினாள்.
"உன் கால் எப்படி இருக்கு?"

அன்றிரவு குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன்.
நீட்டு. விடு.
இமைத்துவிட்டேன்.
நீட்டு. விடு.
இருபதாவது தடவை கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.
துண்டை நாலாக மடித்துத் தரையில் போட்டேன்.
நீட்டு.
கண் எரிந்து நீர் கோத்தது.
விடு.
கண்ணாடிக்குள் ஒருத்தி
சுவர்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய்
ஷஃபிகா தவறவிட்டாள்.
திரும்பவும்.
திரும்பவும்.
ஐந்து மீட்டருக்குக் கூம்பு முன்னே வந்தது.
"ஏய், என்ன செஞ்சே நீ?"
"ஒண்ணும் செய்யல" என்றேன்.
உண்மை அதுதான்.

பதினான்காவது முறையோ பதினைந்தோ,
அவள் முகம் என்னை விட்டு விலகியது.
பார்வை என் மணிக்கட்டுக்குக் கீழே இறங்கிப்
பந்தின் மயிர்ப் பரப்பில் ஊன்றியது.
விட்டேன்.
ஒரு துள்ளல்.
அவள் முழங்கை புல்லில் சிராய்த்தது.
பந்து அவள் கையில்.
கைதட்ட மறந்துபோனேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் காப்பிக்கடை.
பக்கத்து மேசைத் தட்டிலிருந்து
ஒரு கரண்டி வழுக்கி விளிம்பைத் தாண்டியது.
அது தரை தொடுமுன்
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தேன்,
முன்பாதத்தில் முழு எடையோடு,
வலக்காலில்,
விரிசல் விட்ட அதே காலில்.

சுரீர்.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு
அப்படியே நின்றேன்.
இன்னும் பதினோரு நாள்.